வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாற்றிய இரண்டு வரி

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் உள்ள ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஆறு பேர் வேலை செய்யும் ஒரு சிறு கம்பெனியில் மூன்று வருடமாக இருக்கிறார். சுற்று வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்கள் சிலவற்றுக்குச் சம்பளக் கணக்குப் போடும் புரோகிராமை எழுதிப் பராமரிப்பது அவர் வேலை. 2025 அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை. மாலை 5.40க்கு முதலாளியிடமிருந்து வாட்ஸ்அப் வருகிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இந்த மாதச் சம்பளத்திலிருந்து இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) 2 விழுக்காடு பிடித்தாக வேண்டும், நாளைக் காலையில் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) கணக்கை ஓட்டப் போகிறார், இன்றைக்கே போட்டுவிடு என்கிறது அது. இவர் போன் செய்து, திங்கட்கிழமை வரை நேரம் வேண்டும், சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறார். "ரெண்டு வரிதானே தம்பி, டெஸ்ட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் வருகிறது.

இரண்டு வரிதான் எழுதினார். ஒரு பங்களாதேஷ் தொழிலாளியின் சம்பளச் சீட்டை மட்டும் ஓட்டிப் பார்த்தார். 2 விழுக்காடு சரியாக விழுந்திருந்தது. ஏழு மணிக்கு சர்வரில் ஏற்றிவிட்டுப் பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) போய்விட்டார்.

திங்கட்கிழமை அவருடைய அம்மா கேட்கிறார்: "எனக்கு 180 வெள்ளி கூட வந்திருக்குடா, போனஸா?" (வெள்ளி என்றால் ரிங்கிட்.) அம்மா அதே தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். 56 வயது, சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை. அப்போதுதான் இவருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கிறது. புதிய வரி, "குடிமகன் இல்லையென்றால் 2" என்று மேலேயே நின்றுகொண்டு, நிரந்தரவாசிகளுக்கு 11 விழுக்காடு என்று சொல்லும் பழைய வரிக்குக் கணக்கைப் போகவே விடவில்லை. சிவப்பு ஐசி வைத்திருக்கும் 31 பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது.

முதலாளி ஒரு தாளை நீட்டியிருக்கிறார். 18,000 வெள்ளி நஷ்டத்துக்கு நானே பொறுப்பு, மாதம் 900 வெள்ளி வீதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. இவர் சம்பளமே 2,600. கையெழுத்துப் போடும் வரை சம்பளம் இல்லாமல் வீட்டில் இரு என்றும் சொல்லிவிட்டார். சர்வரின் பழைய பாஸ்வர்ட் ஒன்று இன்னும் வேலை செய்கிறதாம். "இன்றிரவு உள்ளே போய்ச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடவா? இல்லை 24 மணி நேர நோட்டீஸில் விலகிவிடவா? போலீஸ் வருமா? அம்மா பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்கு மூன்று வரியில் பதில் போட்டேன். உள்ளே போகாதீர்கள், கையெழுத்துப் போடாதீர்கள், வேலையை விடாதீர்கள். காரணத்தை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு பிள்ளைகளுக்கும் பயன்படட்டும்.

அந்தப் பாஸ்வர்டைத் தொடாதீர்கள்

உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான். நடந்தது ஒரு வேலைத் தவறு. இன்றிரவு நீங்கள் செய்ய நினைப்பது குற்றம். வீட்டில் இரு என்று சொன்ன பிறகு, அந்தச் சர்வருக்குள் நுழைய உங்களுக்கு அனுமதி இருக்கிறது என்று எந்த வக்கீலாலும் தைரியமாக வாதாட முடியாது. 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அனுமதியில்லை என்று தெரிந்தே ஒரு கணினியில் உள்ளதை மாற்றுவதைப் பற்றியது. 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஏழு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். நல்லதுக்குத்தான் செய்தேன் என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. போலீஸ் வருமா என்று கேட்டீர்களே, இதுவரை நடந்ததற்கு வர வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை. இன்றிரவு உள்ளே போனால் அந்தக் காரணத்தை நீங்களே உண்டாக்கிக் கொடுக்கிறீர்கள்.

சட்டத்தை விடுங்கள், உங்கள் தொழில் கணக்குப்படியே யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை என்ன தவறு நடந்தது? அவசரம், தனியாள், சோதனை இல்லை. இன்றிரவு செய்யப் போவதிலும் அதே மூன்றும் இருக்கிறது, கூடவே பதற்றமும். அதோடு சம்பளம் ஏற்கெனவே பேங்குக்குப் போய்விட்டது. கணக்கை மட்டும் நீங்கள் திருத்தினால் சீட்டு ஒன்று சொல்லும், பேங்க் இன்னொன்று சொல்லும். கிராணி எதை நம்புவார்?

அமெரிக்காவில் நைட் கேபிட்டல் என்று ஒரு பங்கு வணிக நிறுவனம் இருந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று புதிய நிரலோடு சந்தைக்கு வந்தது. மொத்தம் எட்டு சர்வர். ஏழில் புதியது ஏறியிருந்தது, எட்டாவதை ஏற்றியவர் விட்டுவிட்டார். அதில் வருடக்கணக்காகப் பயன்படுத்தாமல் கிடந்த பழைய நிரல் ஒன்று உயிர்பெற்று, கட்டுப்பாடில்லாமல் ஆர்டர்களை அனுப்பத் தொடங்கியது. 45 நிமிடத்தில் 440 மில்லியன் டாலருக்கு மேல் போனது. எல்லோரும் சொல்லும் கதை அதோடு நின்றுவிடும். விசாரணை உத்தரவைப் படித்தபோது எனக்கு உறைத்தது அதற்கு அடுத்த பகுதி. சந்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே, கோளாறைச் சரிசெய்கிறோம் என்று நினைத்து, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வரிலிருந்தும் புதிய நிரலை அவர்கள் எடுத்துவிட்டார்கள். ஒன்றில் இருந்த நோய் எட்டுக்கும் வந்தது. உங்கள் இன்றிரவுத் திட்டத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

18,000 எங்கிருந்து வந்தது?

உங்கள் முதலாளியின் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். 2,000 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 220 வெள்ளி. முதலாளி பங்கு, அதாவது தோட்டத்தின் பங்கு, 13 விழுக்காடு, 260 வெள்ளி. உங்கள் புரோகிராம் இரண்டுக்கும் 40, 40 என்று போட்டது. ஆக, தொழிலாளி கையில் 180 வெள்ளி கூடுதலாக வந்தது, தோட்டம் தன் பங்கில் 220 வெள்ளி குறைவாகக் காட்டியது. ஆளுக்கு 400 என்று வைத்தால் 31 பேருக்கு 12,400. மிச்சம் 5,600 "கம்பெனி பெயர் கெட்டதற்கு" என்று தாளில் இருக்கிறது.

இதில் நஷ்டம் எது என்று சொல்லுங்கள்? அந்த 220 வெள்ளி, தவறே நடக்காமல் இருந்தாலும் தோட்டம் கட்டியிருக்க வேண்டிய பணம். கட்டாத கடனை நஷ்டம் என்று சொல்ல முடியாது. 180 வெள்ளி தொழிலாளியிடம் இருக்கிறது, காற்றில் கரைந்துவிடவில்லை. அக்டோபர் சம்பளத்துக்கான பங்கை நவம்பர் 15க்குள் கட்ட வேண்டும். அதற்குள் திருத்திக் கட்டிவிட்டால் தாமதக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. 2025 நவம்பர் 15 சனிக்கிழமை என்பதால் 14க்குள் முடிப்பது நல்லது. கிராணிக்கு இரண்டு நாள் கூடுதல் வேலை, தோட்ட மேனேஜரிடம் உங்கள் முதலாளிக்கு ஒரு சங்கடமான போன். உண்மையான சேதம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு 18,000 என்பது கோபத்தில் எழுதிய எண்.

இந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டு முதலாளியிடம் காட்டலாம். பல தகராறுகள் இப்படி ஒரு தாளிலேயே தணிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

சம்பளத்தில் பிடிக்க முடியுமா?

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். ஆபீஸில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்களுக்கு அது கிடையாது என்று நீங்கள் எழுதியிருப்பது தவறான எண்ணம். 2023 ஜனவரி 1 முதல் சம்பள வரம்பு பார்க்காமல் எல்லாத் தொழிலாளர்களுக்கும் அது பொருந்துகிறது. ஓவர்டைம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் 4,000 வெள்ளி என்ற வரம்பு இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது. பட்டியலில் இல்லாததைப் பிடிக்க முடியாது. "தொழிலாளியின் கவனக்குறைவால் வந்த நஷ்டம்" பட்டியலில் இல்லை. வேண்டுமானால் முதலாளி சிவில் வழக்குப் போட்டு, நஷ்டத்தையும் உங்கள் கவனக்குறைவையும் நிரூபிக்கட்டும். அங்கே போனால் 5.40க்கு வந்த அந்த வாட்ஸ்அப்பும் சாட்சிக் கூண்டில் ஏறும். அவருக்கே அது தெரியும் என்று நினைக்கிறேன். அதனால்தான் கையெழுத்துக்கு இவ்வளவு அவசரம். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், அவர் நிரூபிக்க வேண்டியதை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். மிரட்டி வாங்கியது என்று பிறகு ஒப்பந்தச் சட்டத்தின்படி போராடலாம்தான். ஆனால் போடாமல் இருப்பது அதைவிட ஆயிரம் மடங்கு சுலபம்.

சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வைப்பதும் அப்படித்தான். விசாரணைக்காக நிறுத்திவைக்கலாம், ஒரு வாரத்துக்கு மேல் கூடாது, அந்த வாரத்துக்குக் குறைந்தது பாதிச் சம்பளம் கொடுக்க வேண்டும். விசாரணை நடத்தாமல் வேலையை விட்டு எடுக்கவும் கூடாது. அப்படி எடுத்தால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனுக் கொடுக்கலாம். 61ஆவது நாள் போனால் யாராலும் உதவ முடியாது. சம்பளம் நின்றுபோனால் அது வேறு இலாகா, ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா (தொழிலாளர் இலாகா). அங்கே புகார் கொடுக்க வக்கீல்கூடத் தேவையில்லை.

ராஜினாமா பற்றி ஒரு வேடிக்கை. உங்கள் வேலைக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் எழுதியிருக்கவில்லை என்றால், மூன்று வருட சேவைக்கு ஆறு வாரம். 24 மணி நேரத்தில் கிளம்பினால் அந்த ஆறு வாரச் சம்பளத்தை நீங்கள் ஈடுகட்ட வேண்டும். 24ஆம் பிரிவின் பட்டியலில் அந்த ஈடு இருக்கிறது! அதாவது, உங்கள் சம்பளத்தில் சட்டப்படி கைவைக்க முதலாளிக்கு இன்று வழியில்லை, விலகினால் வழி கிடைக்கிறது.

உங்கள் பங்கு எவ்வளவு?

கடிதத்தின் முதல் பக்கத்தில் "எல்லாம் என் தப்பு" என்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் "முதலாளி சொன்னதைச் செய்தேன், எனக்கென்ன" என்கிறீர்கள். இரண்டையும் ஒரே ராத்திரியில் எழுதியிருப்பீர்கள். இரண்டும் சரியில்லை.

நைட் கேபிட்டல் விவகாரத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013இல் 12 மில்லியன் டாலர் அபராதம் போட்டது. எட்டாவது சர்வரை விட்ட பணியாளருக்கு அல்ல, நிறுவனத்துக்கு. ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்கவில்லை, சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறையும் இல்லை என்று உத்தரவு சொன்னது. ஒரு மனிதன் மறப்பான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மறந்தால் பிடிப்பதற்கு என்ன வைத்திருந்தாய் என்பதே அங்கே கேள்வி. உங்கள் முதலாளியிடமும் அதைத்தான் கேட்க வேண்டும். இந்த 2 விழுக்காடு திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை, முன்பே அறிவித்த விஷயம். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை 5.40க்குத்தான் அவருக்கு நினைவு வந்ததென்றால் அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

ஆனால் தம்பி, இரண்டு வரிதானே என்று முதலாளி சொல்லலாம், நீங்கள் சொல்லக்கூடாது. எங்கள் தொழிலிலும் இது உண்டு. பயிற்சி வக்கீலாக இருந்தபோது, நில விற்பனை ஒப்பந்தம் ஒன்றில், கையெழுத்தாகும் நாள் காலையில் ஒரே ஒரு உட்பிரிவைச் சேர்த்தேன். அதற்குப் பிறகு வந்த எல்லா எண்களும் ஒன்று ஒன்று தள்ளிப்போயின. "பிரிவு 9இன்படி முன்பணம் திருப்பித் தரப்படும்" என்று வேறொரு பக்கத்தில் எழுதியிருந்தது, இப்போது சாவி ஒப்படைக்கும் பிரிவைக் காட்டிக்கொண்டு நின்றது. நான் புதிதாக எழுதிய உட்பிரிவை மூன்று தடவை படித்தேன், அதில் ஒரு பிழையும் இல்லை. தொடாத பக்கங்களைத்தான் படிக்கவில்லை. நல்லவேளை, வாங்குபவர் ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, "அம்மா, சாவி கொடுத்தா முன்பணம் வருமா?" என்று கேட்டார். இன்றும் நினைத்தால் காது சூடாகிறது.

நீங்களும் அதையே செய்தீர்கள். மாற்ற நினைத்தது மாறியதா என்று பார்த்தீர்கள், பங்களாதேஷ் தொழிலாளிக்கு 2 வந்தது, திருப்தி. மாறக்கூடாதது மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஐந்து சீட்டு போதும்: 60க்குக் கீழ் ஒரு குடிமகன், 60ஐத் தாண்டிய ஒருவர் (அவர் பங்கு எதுவும் இல்லை, முதலாளி மட்டும் 4 விழுக்காடு), சிவப்பு ஐசியில் இதே இரண்டு வயதுக்கும் ஒவ்வொன்று, வெளிநாட்டவர் ஒருவர். செப்டம்பர் சீட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் நான்கில் இ.பி.எஃப். விழுக்காடு அப்படியே இருந்திருக்க வேண்டும். அரை மணி நேரம்கூட ஆகாது. பாசார் மாலாம் எங்கேயும் போயிருக்காது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சட்டப்படி குடிமகன் ஆகாமலே இங்கே பிறந்து வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்தவர்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! பிறப்புப் பத்திரம் இல்லாமல், மனுப் போட்டுப் போட்டு அலுத்துப்போனவர்கள். கோலாலம்பூரில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவர் "குடிமகன் அல்லது வெளிநாட்டவர்" என்று இரண்டாகப் பிரித்தால் எனக்கு ஆச்சரியமில்லை. சிவப்பு ஐசி வைத்திருக்கும் அம்மா சமைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு நீங்கள் அப்படிப் பிரித்ததுதான் எனக்கு உறுத்துகிறது. மறந்ததற்குக் காரணம் அவசரம்தான், தெரியும். அடுத்த தடவை ஒத்திவைக்கச் சொல்லும்போது இந்த 31 பேரைக் காட்டியே சொல்லுங்கள். "டெஸ்ட் பண்ணணும்" என்றால் முதலாளிக்குப் புரியாது. "சிவப்பு ஐசிக்காரர்களுக்கு எப்படி விழும் என்று பார்க்கவில்லை, இன்று ஏற்றினால் தோட்டத்திலிருந்து போன் வரலாம்" என்றால் புரியும். அதையும் போனில் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். இந்தத் தடவை அவர் சொன்னதற்கு எழுத்து இருக்கிறது, நீங்கள் தடுத்ததற்கு இல்லை.

நாளைக் காலையில்

ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் நடந்ததை எழுதுங்கள். எத்தனை மணிக்குச் செய்தி வந்தது, போனில் என்ன பேசினீர்கள், எதைச் சோதித்தீர்கள், எதைச் சோதிக்கவில்லை. சோதிக்காததை மறைக்காதீர்கள். விசாரணை வந்தால் மறைத்த ஒரு வரி மற்ற எல்லா வரிகளையும் பொய்யாக்கிவிடும். கூடவே தவறான அந்த இரண்டு வரி, திருத்திய வரி, 31 பேரின் பட்டியல், ஐந்து சீட்டில் என்ன எண் வர வேண்டும் என்ற கணக்கு. "அனுமதி கொடுத்தால் இன்னொருவர் பக்கத்தில் இருக்க, பேக்கப் எடுத்துவிட்டு, நகலில் ஓட்டிப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்" என்று முடியுங்கள். முதலாளிக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அந்தப் பழைய பாஸ்வர்ட் இன்னும் வேலை செய்கிறது, மாற்றிவிடுங்கள் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் ஒரு நகல் எடுத்து வையுங்கள். நஷ்டஈட்டுத் தாளின் படமும் இருக்கட்டும்.

அம்மாவின் 180 வெள்ளி: அது அவருடைய சேமநிதிக்குப் போக வேண்டிய பணம், போனஸ் இல்லை. முதலாளி தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்ததை அடுத்த மூன்று மாதத்துக்குள் சம்பளத்தில் பிடிக்க 24ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் சேமநிதிப் பங்கைப் பிறகு பிடிப்பதற்கு இ.பி.எஃப். சட்டத்தில் தனி விதி உண்டு. அதனால் தோட்ட ஆபீஸ் இ.பி.எஃப். கிளையில் கேட்டுவிட்டுப் பிடிக்கட்டும். மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) வந்து கையில் கொடு என்று கேட்டால் கொடுக்க வேண்டாம், எழுத்தில் வரட்டும். அதுவரை துணிக்கடைப் பாக்கிக்கு எடுத்துவிடாமல் தனியாக வைக்கச் சொல்லுங்கள். செப்டம்பர், அக்டோபர் சீட்டு இரண்டும் பத்திரமாக இருக்கட்டும். தோட்டம் பணம் கட்டி முடித்ததும் அம்மாவின் இ.பி.எஃப். கணக்கை நீங்களே திறந்து பாருங்கள். அக்டோபருக்கு 220ம் 260ம் சேர்ந்து 480 வெள்ளி ஏறியிருக்க வேண்டும். 80 என்று இருந்தால், இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போங்கள்.